ஆள் தங்கம், சர்வீஸுக்கு மூணு ஸ்டார்தான்: அப்பாவுக்கு வீட்ல அட்டெண்டர் வெச்ச அனுபவம்

மொதல்லயே சொல்லிடறேன், இது திட்டி எழுதுற ரிவ்யூ இல்ல. வந்த தம்பி டைமுக்கு வருவாரு, போனை நோண்டிக்கிட்டு உக்கார மாட்டாரு, அப்பாகிட்ட ஒரு நாள் கூட முகம் சுளிச்சதில்ல, அஞ்சு மாசத்துல வீட்ல ஒரு பொருள் காணாம போனதில்ல. அப்புறம் ஏன் மூணு ஸ்டார்னா, அந்த தம்பி அப்பாவுக்கு எல்லாத்தையும் செஞ்சு குடுத்துட்டாரு, அதான் என் கம்ப்ளெயின்ட்டே. கேக்க லூசுத்தனமா இருக்கும், தெரியுது. முழுசா படிச்சிட்டு திட்டுங்க. ஏஜென்சி பேர் போடல, நான் விசாரிச்ச மத்த இடங்கள்லயும் கிட்டத்தட்ட இதே மாடல்தான் ஓடுது, இவங்களை மட்டும் மாட்டிவிடறதுல அர்த்தமில்ல.

அப்பாவுக்கு 78 வயசு. நிமோனியா வந்து 11 நாள் ஆஸ்பத்திரில இருந்தாரு. உள்ள போகும்போது தானா நடந்து போய் கார்ல ஏறினவரு, வெளிய வரும்போது வீல்சேர். நுரையீரல் கிளியர், காய்ச்சல் இல்ல, ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனா கால் மட்டும் நிக்கல. அப்ப எங்களுக்கு புரியல, நோய் வாங்கினதை விட படுக்கை வாங்கினது அதிகம்னு. 2007ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, நல்லா ஆரோக்கியமா இருக்கற வயசானவங்களையே 10 நாள் படுக்கையில வெச்சு பாத்திருக்காங்க, கால்ல மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிருக்கு. ஆரோக்கியமானவங்களுக்கே அப்படின்னா காய்ச்சல்ல சரியா சாப்பிடாம கெடந்தவருக்கு எவ்ளோ போயிருக்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. வயசாக ஆக சதை குறையற இந்த சமாச்சாரத்துக்கு சார்கோபீனியான்னு பேரே இருக்கு, 1989ல வெச்சது. டிஸ்சார்ஜ் சம்மரில அந்த வார்த்தை எங்கயும் இல்ல, "ரெஸ்ட் எடுக்கவும்"னு மட்டும் இருந்துச்சு.

அதனால ஏஜென்சிக்கு போன் போட்டோம், 12 மணி நேர பேக்கேஜ், மறுநாளே ஆள் வந்துட்டாங்க. முதல் ரெண்டு வாரம் கடவுள் மாதிரிதான். குளிக்க வைக்கிறது, டாய்லெட் கூட்டிட்டு போறது, மாத்திரை, சாப்பாடு, எல்லாம் டக் டக்னு நடந்துச்சு. எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஆபீஸ் போக முடிஞ்சுது. அந்த ரெண்டு வாரத்துக்கு மட்டும் ரிவ்யூ எழுதியிருந்தா அஞ்சுக்கு ஆறு ஸ்டார் போட்டிருப்பேன்.

ஆறாவது வாரம் ஒரு ஞாயித்துக்கிழமை அந்த தம்பி லீவு. நான் ஒம்போதரைக்கு அப்பா ரூமுக்கு போனா, கட்டில் ஓரத்துல உக்காந்திருக்காரு, சட்டையை தோள்ல போட்டிருக்காரு, ரெண்டு கையும் கொஞ்சம் அகட்டி வெச்சிருக்காரு, பட்டன் எதுவும் போடல. "என்னப்பா இப்படியே உக்காந்திருக்கீங்க"ன்னா, "தம்பி இன்னும் வரலையேம்மா"ங்கறாரு. கையில ஒண்ணும் இல்லங்க அவருக்கு. விரல் நடுக்கம் இல்ல, பக்கவாதம் இல்ல, ஆஸ்பத்திரி பெட்ல இருந்தப்பவே அவர் பட்டனை அவரேதான் போட்டாரு. நான் போட்டுவிடும்போது தாடையை தூக்கி காட்டினாரு, ஸ்கூலுக்கு கெளம்புற பையன் மாதிரி. எனக்கு வயித்துல ஏதோ பண்ணுச்சு.

அப்புறம்தான் ஒவ்வொண்ணா கண்ல பட ஆரம்பிச்சுது. வாக்கர் ரூம் மூலைல துணி காயப்போட யூஸ் ஆகுது, ஏன்னா கையை புடிச்சு கூட்டிட்டு போறது ஈஸி, சீக்கிரம் முடியும். அப்பாவுக்கு போன் வந்தா தம்பி எடுத்து "ஐயா நல்லாருக்காரு"ன்னு சொல்லி வெச்சுடறாரு. டாக்டர் அப்பாவை பாத்து "தூக்கம் எப்படி"ன்னு கேட்டா தம்பி பதில் சொல்றாரு, அப்பா இவர் மூஞ்சியை பாக்கறாரு. அப்பாவுக்கு காது கொஞ்சம் மந்தம், ஹியரிங் எயிட் டிராயர்லயே கெடக்குது, யாரும் அவர்கிட்ட நேரா பேசாதப்ப அதை எதுக்கு மாட்டணும்?

எல்லாத்தையும் விட மோசமானது ராத்திரி டயப்பர். தம்பி சாயங்காலம் கெளம்பும்போது மாட்டிவிட்டுட்டு போவாரு, "சேஃப்டிக்கு மேடம், ராத்திரி எந்திரிச்சு விழுந்துட்டா"ன்னு. நானும் சரின்னுட்டேன். அப்பாவுக்கு அடக்குறதுல பிரச்சனையே கெடையாது, பாத்ரூம் போய் சேர டைம் ஆகுது, அவ்ளோதான் விஷயம். கொஞ்ச நாள்ல பகல்லயும் "டயப்பர் இருக்கா"ன்னு கேக்க ஆரம்பிச்சாரு.

இதுக்கு நடுவுல ஒரு தோழி சொல்லி ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருத்தங்களை வீட்டுக்கு கூப்பிட்டோம். பிசியோவுக்கும் இவங்களுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்கு அது வரைக்கும் தெரியாது. பிசியோ முட்டியை பாப்பாங்க, இவங்க அந்த முட்டியை வெச்சுக்கிட்டு டாய்லெட்ல எப்படி உக்காந்து எந்திரிக்கறாருன்னு பாக்கறாங்க, அந்த மாதிரி. இந்த பார்ட்டுக்கு அஞ்சு ஸ்டார், கண்ணை மூடிக்கிட்டு.

வந்ததும் அப்பா பக்கத்துல உக்காந்து அப்பாகிட்டதான் பேசினாங்க, தம்பி வாய் தொறந்தப்ப சிரிச்சுக்கிட்டே கையை காட்டி நிறுத்திட்டாங்க. ஆறு விஷயம் கேட்டாங்க: குளிக்கறது, டிரெஸ் போடறது, டாய்லெட், கட்டில்லேர்ந்து சேருக்கு மாறறது, அடக்குறது, சாப்பிடறது. இது சிட்னி காட்ஸ்ங்கற டாக்டர் டீம் 1963ல போட்ட லிஸ்ட்டாம், இன்னைக்கும் உலகம் முழுக்க இதான் ஓடுது. இதுல ஒரு வரிசை இருக்குன்னாங்க, பெரும்பாலும் மொதல்ல கை விட்டு போறது குளியல், கடைசி வரைக்கும் நிக்கறது தானா சாப்பிடறது, திரும்பி வரும்போது அப்படியே தலைகீழா வரும். ஒவ்வொண்ணுக்கும் அப்பா "தம்பி பண்ணுவாரு"ன்னு சொல்ல சொல்ல அவங்க "உங்களால முடியாதா, இல்ல முயற்சி பண்ணி பாக்கலையா"ன்னு திரும்ப கேட்டாங்க. ஆறுல நாலுக்கு அப்பா யோசிச்சு "பண்ணி பாக்கல"ன்னாரு. நான் அந்த இடத்துல தரையை பாத்துக்கிட்டு நின்னேன்.

அடுத்த லிஸ்ட்ல எனக்குத்தான் ஆப்பு. போன் பேசறது, கடைக்கு போறது, சமையல், வீட்டு வேலை, துணி, வெளிய போய் வர்றது, மாத்திரையை தானா எடுத்துக்கறது, பணம் பாத்துக்கறது, இப்படி எட்டு. லாட்டன், பிராடின்னு ரெண்டு பேர் 1969ல போட்டது. பொதுவா முதல் லிஸ்ட் போறதுக்கு ரொம்ப முன்னாடியே இதுல ஓட்டை விழ ஆரம்பிச்சுடும். அப்பா ரிட்டயர் ஆனதுலேர்ந்து பேங்க் வேலை முழுக்க அவரே பாத்தவரு. ஆஸ்பத்திரி சமயத்துல நான் பாஸ்வேர்டு வாங்கினேன், வாங்கினவ திருப்பி குடுக்கல. மாத்திரை டப்பாவும் அப்படித்தான். தம்பியை சொல்லி என்ன, பாதியை நாங்களே புடுங்கிட்டோம், பாசத்துல.

அப்புறம் ஒரு டெஸ்ட். சேர்ல உக்காந்திருந்து எந்திரிச்சு 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உக்காரணும், டைம் பாப்பாங்க. 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா விழற ரிஸ்க் இருக்குன்னு அர்த்தம். அப்பாவுக்கு 31 ஆச்சு. இன்னொண்ணு, கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு 30 செகண்ட்ல எத்தனை தடவை சேர்லேர்ந்து எந்திரிக்க முடியுதுன்னு. இவர் வயசு ஆம்பளைங்களுக்கு 11க்கு கீழ போனா சராசரிக்கு கம்மி. அப்பாவால கை ஊனாம ஒரு தடவை கூட முடியல. மூஞ்சியெல்லாம் செவந்து போச்சு, பாவமா இருந்துச்சு, நான் தூக்கிவிட போனேன், தெரபிஸ்ட் என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க.

படுக்க வெச்சு பிபி பாத்தாங்க, எந்திரிக்க சொல்லி ஒரு நிமிஷத்துல ஒரு தடவை, மூணு நிமிஷத்துல ஒரு தடவை பாத்தாங்க. படுத்தப்ப 142, நின்னப்ப 114. நின்ன மூணு நிமிஷத்துக்குள்ள மேல் நம்பர் 20 இறங்கினாலே கவனிக்கணுமாம், இவருக்கு 28. அதான் எந்திரிச்சதும் "கிறுகிறுங்குது"ன்னு திரும்ப உக்காந்துடுவாரு, நாங்க வயசுன்னு நெனச்சோம். மாத்திரை லிஸ்டை எடுத்தா ஒம்போது மாத்திரை, அதுல ஆஸ்பத்திரில "ரெண்டு நாளைக்கு"ன்னு குடுத்த தூக்க மாத்திரை இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, யாரும் நிறுத்த சொல்லல, யாரும் கேக்கவும் இல்ல. ப்ராஸ்டேட்டுக்கு சாப்பிடறது ஒண்ணு பிபியை எறக்கும். தெரபிஸ்ட் மாத்திரையில கை வைக்கல, லிஸ்ட்டை எழுதி டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. டாக்டர் தூக்க மாத்திரையை கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு நிறுத்தினாரு, இன்னொண்ணோட டைமை மாத்தினாரு. தயவுசெஞ்சு இதை நீங்களா பண்ணாதீங்க, தூக்க மாத்திரையை டக்னு நிறுத்தினா வேற பிரச்சனை வரும். ஆனா வீட்ல அஞ்சு மாத்திரைக்கு மேல ஓடுதுன்னா, இதெல்லாம் இன்னும் வேணுமான்னு வாய்விட்டு கேளுங்க.

கண்ணாடியையும் விடல. மேல தூரப்பார்வை கீழ கிட்டப்பார்வைன்னு ரெண்டும் ஒரே கண்ணாடில இருக்கறதை போட்டுக்கிட்டு படி எறங்கினா, கீழ்ப்பாதி வழியா காலை பாக்கும்போது படி மங்கலா தெரியும். நடக்கறதுக்கு தனியா ஒரு சாதா கண்ணாடி வாங்க சொன்னாங்க. இதெல்லாம் யாருக்கு தோணும் சொல்லுங்க.

பொருள் ரிவ்யூ கேக்கறவங்களுக்கு சுருக்கமா: பாத்ரூம் கைப்பிடி வாங்கினா சுவத்துல டிரில் பண்ணி மாட்டறதை வாங்குங்க, நான் மொதல்ல வாங்கின உறிஞ்சி ஒட்டற மாடல் எட்டாவது நாள் கையோட வந்துச்சு, நல்லவேளை புடிச்சிருந்தது நான். டவல் ராடு கைப்பிடி இல்ல, ஆளோட வெயிட்டை அது தாங்காது. டாய்லெட் மேல வைக்கிற உயர சீட் சூப்பர், ஒரே நாள்ல வித்தியாசம் தெரிஞ்சுது. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல ஆள் நடந்தா தானா எரியற லைட் ரெண்டு, அதுதான் டயப்பரை விரட்டுச்சு. வாக்கர் எங்களுக்கு வந்தப்பவே ரொம்ப உசரமா செட் பண்ணி வந்துச்சு, நேரா நின்னு கையை தொங்கவிட்டா மணிக்கட்டு மடிப்பு எங்க வருதோ அங்க கைப்பிடி இருக்கணும், ரெண்டு பட்டனை அமுக்கினா எறங்கிடுது, ரெண்டு மாசமா ஒருத்தரும் பாக்கல.

இப்ப ஏஜென்சி மேட்டர். சூப்பர்வைசரை கூப்பிட்டு, இனிமே அப்பா தானா செய்யட்டும், தம்பி பக்கத்துல நின்னா போதும்னேன். அவர் சொன்ன பதில் இன்னும் மறக்கல: "மேடம், ஆள் சும்மா நின்னா நாளைக்கு நீங்கதான் போன் பண்ணி கம்ப்ளெயின்ட் சொல்லுவீங்க." நியாயம்தானே! எத்தனை வீட்ல அப்படி சொல்லியிருப்பாங்க. அவங்க தர்ற டெய்லி ஷீட்டை எடுத்து பாத்தேன். குளியல் டிக், ஷேவிங் டிக், உடை மாற்றம் டிக், நடை டிக். ஐயா தானா எதை செஞ்சாருன்னு எழுத ஒரு கட்டம் கெடையாது. தம்பிக்கு குடுத்த டிரெயினிங்கும் அதேதான், படுத்த படுக்கையா இருக்கறவங்களை எப்படி தூக்கறது, எப்படி பொரட்டறது, எப்படி ஊட்டறது. அதுல அவர் கில்லாடி. எந்திரிக்க ஆரம்பிச்ச ஆளை என்ன பண்றதுன்னு யாரும் சொல்லித்தரல. அதான் ரெண்டு ஸ்டார் கட். கட் ஆனது ஏஜென்சிக்கு, தம்பிக்கு இல்ல.

தெரபிஸ்ட் தம்பியை தனியா உக்கார வெச்சு ஒரு மணி நேரம் சொல்லிக்குடுத்தாங்க. அப்பாவுக்கு அரை அடி பின்னாடி, ஒரு பக்கமா நிக்கணும், விழுந்தா புடிக்கற தூரம், ஆனா கை மேல படக்கூடாது. குளிக்கும்போது முதுகும் காலும் மட்டும் தம்பி, மத்ததெல்லாம் அப்பா. முதல் நாள் சட்டை போட ஏழு நிமிஷம் ஆச்சு. நான் கதவுக்கு பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருந்தேன், ரெண்டாவது பட்டன்ல விரல் வழுக்கி வழுக்கி போகுது, தம்பி கையை முதுகுக்கு பின்னாடி இறுக்கி கட்டிக்கிட்டு நிக்கறாரு, அவருக்கு வேர்த்துடுச்சு. ஆபீஸ் லேட்டு, எனக்கே உள்ள போய் போட்டுவிட்டுட்டு ஓடிடலாம்னு இருந்துச்சு. வீட்ல எல்லாருக்கும் அவசரம், அந்த அவசரத்துலதான் வயசானவங்க கை வேலை ஒவ்வொண்ணா பறிபோகுதுன்னு அன்னைக்கு உறைச்சுது.

அப்பா சும்மா இருந்தாருன்னு நெனைக்காதீங்க, செம கோவம். "காசு குடுத்து ஆள் வெச்சுட்டு என்னையே செய்ய சொல்றீங்களா"ன்னு ஒரு வாரம் என்கூட சரியா பேசல. பயமும் இருந்துச்சு. விழுந்துடுவோமோன்னு பயம், பயத்துல நடக்கறதில்ல, நடக்காததால கால் இன்னும் வீக், வீக்கானதால நெஜமாவே விழற சான்ஸ் ஜாஸ்தி. சும்மா மனப்பிரமைன்னும் ஒதுக்க முடியாது, 65 தாண்டினவங்கள்ல வருஷத்துக்கு மூணுல ஒருத்தர் ஒரு தடவையாவது விழறாங்க. எங்க வீட்ல அந்த பயம் அப்பாவை விட எனக்குத்தான் ஜாஸ்தி. "எந்திரிக்காதீங்கப்பா"ன்னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை கத்தியிருப்பேன்.

இந்த வயசுல சதையெல்லாம் திரும்ப வருமான்னு எனக்கும் டவுட் இருந்துச்சு. 1990ல ஒரு ஆராய்ச்சில முதியோர் இல்லத்துல இருந்த 90 வயசுக்காரங்க பத்து பேருக்கு 8 வாரம் கால்ல வெயிட் குடுத்து பயிற்சி பண்ண வெச்சிருக்காங்க, பயிற்சியை முடிச்சவங்களுக்கு சராசரியா 174 சதவீதம் கால் பலம் ஏறியிருக்கு. ரொம்ப சின்ன ஆராய்ச்சிதான், சரி, ஆனா தொண்ணூறு வயசுங்க! அப்பாகிட்ட படிச்சு காட்டினேன், "அவங்க என்ன சாப்பிட்டாங்களோ"ன்னாரு. ஆனா மறுநாளிலிருந்து சேர்லேர்ந்து எந்திரிக்கற எக்சர்சைஸை எண்ணிக்கிட்டே பண்ண ஆரம்பிச்சாரு. சாப்பாட்டுல புரோட்டீனையும் டாக்டர்கிட்ட கேட்டு ஏத்தினோம், கிட்னி பிரச்சனை இருக்கறவங்க கேக்காம ஏத்தாதீங்க.

இன்னொண்ணும் தெரபிஸ்ட் சொன்னாங்க. 1976ல எல்லன் லேங்கர், ஜூடித் ரோடின்னு ரெண்டு பேர் ஒரு முதியோர் இல்லத்துல பண்ணது. ஒரு மாடில இருந்தவங்ககிட்ட உங்க விஷயத்தை நீங்களே முடிவு பண்ணுங்கன்னு சொல்லி ஒரு செடியை குடுத்து நீங்களே பாத்துக்கோங்கன்னாங்க, இன்னொரு மாடில செடியை குடுத்துட்டு நர்ஸ் பாத்துப்பாங்கன்னாங்க. முதல் கூட்டம்தான் ரொம்ப சுறுசுறுப்பா, சந்தோஷமா ஆனாங்க. எங்க வீட்ல என்னைக்கு குளிக்கறது, எந்த சட்டை, எந்த சேனல், எத்தனை மணிக்கு தூங்கறது எல்லாத்தையும் ஆளாளுக்கு முடிவு பண்ணிக்கிட்டிருந்தோம், அப்பாவை தவிர. இப்ப கேக்கறோம். தெனம் ஒரே நீலச்சட்டையைத்தான் எடுக்கறாரு, எடுத்துட்டு போகட்டும். பாஸ்வேர்டும் திருப்பி குடுத்தாச்சு, மாத்தி வெச்சிருக்காரு, என்கிட்ட சொல்லல.

பத்து வாரம் கழிச்சு அதே 3 மீட்டர் டெஸ்ட் 17 செகண்ட், சேர்லேர்ந்து எந்திரிக்கறது 7 தடவை. இன்னும் சராசரிக்கு கீழதான், ரிஸ்க் லிஸ்ட்லதான் இருக்காரு. குளியலுக்கு இன்னும் ஆள் வேணும். வெளிய தனியா அனுப்ப எனக்கு தைரியம் இல்ல. ஆனா டயப்பர் பாக்கெட் ரெண்டு பிரிக்காம அலமாரில கெடக்கு, யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.

உங்க வீட்ல இருக்கறவருக்கு டிமென்ஷியாவோ, பக்கவாதமோ, ரொம்ப முத்தின நோயோ இருந்தா கணக்கே வேற, அங்க முழு நேர ஆள்தான் உயிர், நான் சொன்னதை வெச்சு யாரையும் கஷ்டப்படுத்தாதீங்க. அப்படிப்பட்டவங்களுக்கு இதே ஏஜென்சியை தாராளமா ரெகமண்ட் பண்ணுவேன். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து தேறிக்கிட்டு இருக்கறவங்களுக்கு எடுக்கறீங்கன்னா, மொத நாளே ஒரு தெரபிஸ்ட்டை வெச்சு எது அவர் வேலை, எது அட்டெண்டர் வேலைன்னு எழுதி சுவத்துல ஒட்டுங்க. நாங்க அதை ரெண்டு மாசம் லேட்டா பண்ணோம்.

கடைசியா ஒரு கடுப்பு. இப்ப எங்களுக்கு காலையில ரெண்டு மணி நேரம், குளியலுக்கு மட்டும் ஆள் போதும். கேட்டா, "12 மணி நேரம், 24 மணி நேரம், இந்த ரெண்டு பேக்கேஜ்தான் மேடம்"ங்கறாங்க. அதாவது தேறி வர்றவங்களுக்கு அவங்ககிட்ட பிளானே கெடையாது. தம்பியும் எங்க வீட்டுக்கு ரெண்டு மணி நேரம்னா ரெடின்னுதான் சொல்றாரு. பேசிக்கிட்டு இருக்கேன், ரெண்டு மணி நேர பேக்கேஜ் போட்டாங்கன்னா வந்து நாலு ஸ்டாரா மாத்தறேன்.